வடக்கு இறவாரம்

ஜூலை 3, வியாழன்

டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பாலிடெக்னிக் நோட்டு கிடந்தது. முதல் பக்கங்களில் என் மாணவர்களுக்கு வரைந்து காட்டிய தூண், உத்தரம். அவற்றைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். டாக்டரம்மா, "மனசுல உள்ளத எழுதுங்க, பாரம் கொறையும்" என்றார். மனசில் உள்ளதை எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. சுவரைப் பற்றி எழுதுவேன்.

ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மே மாதம் குருவானவரான என் வீட்டுக்காரர் ஜெயகருக்கு மாறுதலாகி, இந்தப் பெனியேல்விளை சேகரத்துக்கு வந்தோம். சாமான்கூட இறக்கி முடியவில்லை, எனக்கு நோவு கண்டுவிட்டது. பெண் பிள்ளை. பிறக்கும்போதே உயிரில்லை. நான் மயக்கத்தில் கிடக்கையில் ஜெயகர்தான் பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் போய் நிற்க வேண்டிவரும். இதற்கு மேல் இந்த நோட்டில் அந்தப் பேச்சு கிடையாது.

சுவருக்கு வருகிறேன். தேவாலயத்தை இங்கே கோயில் என்றுதான் சொல்கிறார்கள். ஊர்க் கோயிலின் வடக்குச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. நவம்பரில் கோயில் கட்டின நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை, அத்தியட்சர், அதாவது பிஷப், வருகிறார். கமிட்டிச் செயலர் பாக்கியசிங் அண்ணன் காலையில் வந்து, "ஐயரம்மா கட்டிடப் படிப்பு படிச்சவங்கன்னு கேள்விப்பட்டோம். நம்ம கோயில நீங்கதான் பாத்துத் தரணும்" என்றார். குருவானவரை இந்தப் பக்கம் ஐயர் என்பார்கள். ஐயரின் மனைவி ஐயரம்மா. முப்பத்து மூன்று வயதில், கையில் பிள்ளை இல்லாமல், ஊருக்கெல்லாம் அம்மா ஆகிவிட்டேன்.

பார்க்கிறேன் என்றேன். எதையாவது பார்க்கத்தானே வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

அளவெடுத்து முடித்தேன். கட்டிடத்தைச் சும்மா சொல்லக்கூடாது. பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் முளைக்காத இந்தச் செம்மண் தேரியில், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், கூர்வளைவு ஜன்னலும் கோபுரமுமாக ஒருவர் கட்டி நிறுத்தியிருக்கிறார். வெதர்பி ஐயர் என்ற வெள்ளைக்காரர். கல் கடற்கரையிலிருந்து மாட்டு வண்டியில் வந்ததாம். கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கைகள். சுண்ணாம்பில் கருப்பட்டிப் பாகு கலந்து பூசியிருக்கிறார்கள். நாக்கு வைத்துப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. கோயில் வேலையாள் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

ஒரு கணக்குத்தான் உதைக்கிறது. கூரை ஓடு சுவரைத் தாண்டி வெளியே நீளும் ஓரத்தை இங்கே இறவாரம் என்கிறார்கள். தெற்குப் பக்கம் அது ஒரு முழம். வடக்குப் பக்கம் இரண்டு முழம். நல்ல கொத்தன் இப்படிக் கோணலாகக் கட்டமாட்டான். மழைத் தண்ணீர் சுவரைவிட்டு அவ்வளவு தள்ளி எதற்கு விழவேண்டும்?

தள்ளி விழுந்தும் பிரயோஜனமில்லை. விழுகிற இடத்தில் மணல் மேடாகக் குவிந்து கிடக்கிறது. தண்ணீர் வழிந்து ஓட வழியில்லாமல் சுவருக்கே திரும்பி வருகிறது. மேட்டை வெட்டிச் சமன்செய்தால் பாதி வேலை முடிந்தது. கொத்தனார் தங்கையாவிடம் சொன்னேன்.

"அங்கன மம்பட்டி போடப்படாது, ஐயரம்மா."

"ஏன்?"

"போடப்படாது."

அதற்கு மேல் அவர் வாயைக் கடப்பாரை வைத்துத்தான் திறக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

சாளை மீன் மலிவு. குழம்பில் உப்புக் கூடிவிட்டது. ஜெயகர் தண்ணீர்தான் நிறையக் குடித்தார். மே மாதத்துக்குப் பிறகு இவர் எதற்கும் குறை சொல்வதில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் பெண்கள் உட்காரும் பக்கம் வடக்கு. சுவரை ஒட்டின பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே வெதர்பி ஐயரின் மனைவிக்கு ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். 'எலினோர், மூன்று பிள்ளைகளின் தாய்.' கல்லறைத் தோட்டத்தைப் போன வாரம் முழுக்கச் சுற்றினேன். பண்டிகைக்குக் கோயில் வரலாறும் என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு அதுவும் வேண்டுமே. வெதர்பி பிள்ளை என்று அங்கே ஒரு கல்லறைதான் இருக்கிறது. மற்ற இரண்டும் சீமைக்குத் திரும்பி, வளர்ந்து, கல்யாணம் காட்சி என்று இருந்திருக்கும்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு ஈரத்தைச் சோதித்தேன். ஈரம் சுவர் முழுக்கப் பரவியில்லை. முழங்கால் உயரத்துக்குக் கீழே, இடைவெளி விட்டு, தனித்தனித் திட்டாக நிற்கிறது. வரிசையாக யாரோ உட்கார்ந்து முதுகைச் சாய்த்தது மாதிரி. படித்த படிப்பில் இதற்கு விளக்கம் இல்லை.

அப்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே போய்ப் பார்த்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. ஓடு காய்ந்து சுட்டது.

ஆகஸ்ட் 9, சனி

கமிட்டிக் கூட்டம். என் யோசனையைச் சொன்னேன். மண்ணைத் தோண்ட வேண்டாம். ஓட்டின் ஓரம் நெடுகத் தகர வாய்க்கால் தொங்கவிட்டு, விழுகிற தண்ணீரை அங்கேயே பிடித்து, குழாய் வழியாகக் கோயில் கிணற்றில் இறக்கிவிடலாம். சுவரும் காயும், கிணறும் ஊறும். பாக்கியசிங் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!"

எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரைத் தவிர. என் வீட்டுக்காரர்.

"பண்டிக முடியட்டும். தண்ணி இத்தன வருசமா விழுந்த இடத்துல விழட்டுமே" என்றார்.

"பண்டிகைக்கு முன்னால மழை வந்துரும், ஐயா. சுவரு எப்படிக் காயும்?" சபையில் நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மேசையைப் பார்த்துக்கொண்டு, "சரி, கமிட்டி எப்படிச் சொல்லுதோ" என்றார்.

வீட்டில் வந்து கேட்டேன். என்ன காரணம், பெண்டாட்டி பேர் வாங்குவது பிடிக்கவில்லையா? "அப்படில்லாம் இல்ல, ஹெப்சி." பின்னே எப்படி?  பிரசங்க பீடத்தில் ஏறினால் மடை திறந்த மாதிரி பேசுகிறவர், வீட்டில் வாயில் கொழுக்கட்டை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேசவில்லை. இரண்டு பேரும்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாயங்காலம் திடீரென்று ஒரு மழை. இந்த மாதத்தில் இது அபூர்வம். வாய்க்கால் வேலைக்கு முன்னால் தண்ணீர் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம் என்று குடையோடு ஓடினேன்.

வடக்கு இறவாரத்துக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் இல்லை. ஒதுங்குகிறவர்கள் சுவரை ஒட்டி நிற்பார்கள். இவர்கள் ஓட்டுத் தண்ணீர் விழுகிற வரிசையில், ஆளுக்கொரு இடத்தில், தலையோடு நனைந்துகொண்டு நின்றார்கள்.  சிலர் குனிந்து மணலைக் கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் தையற்கடை வைத்திருக்கும் ரெஜினா அக்காவும் இருந்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். "வாங்க, ஐயரம்மா. குடைய மடக்கிட்டு வாங்க." பந்தியில் இடம் போட்டு வைத்திருந்தது மாதிரி கூப்பிட்டார்.

"என்னக்கா இது, காய்ச்சல் வரும். எல்லாரும் உள்ள போங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது.

திரும்பி வரும்போது மார்பு கனத்து, ரவிக்கை நனைந்திருந்தது. மழைத் தண்ணீர். மாத்திரை போட்டு அதெல்லாம் ஜூன் மாதமே நின்றுவிட்டது. மழைத் தண்ணீர்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

வாய்க்கால் மாட்டியாயிற்று! கோபுரத்திலிருந்து ஐயர் அங்கி மாற்றும் வஸ்திரி அறையின் மூலைவரை ஒரே நேர்கோடு, ஒரு நூல் பிசகில்லை. வாளி வாளியாகத் தண்ணீரை ஓட்டின் மேல் ஊற்றிச் சோதித்தோம். ஒரு சொட்டு மணலில் விழவில்லை. ஏணியிலிருந்து இறங்கும்போது மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நான் சிரித்ததாகப் பாக்கியசிங் அண்ணன் சொன்னார்.

ஜெயகர் பார்க்க வரவில்லை. பசியில்லை என்று படுத்துவிட்டார்.

செப்டம்பர் 20, சனி

எதிரே கண்டால் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லும் ஸ்தோத்திரத்தை ஒரு பெண்ணும் என்னிடம் சொல்வதில்லை. கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மீன்காரி எனக்கென்று நசுங்கினதாகப் பொறுக்கிப் போடுகிறாள். அப்படி என்ன செய்துவிட்டேன்? நல்லதுக்குக் காலமில்லை.

சுவர் இன்னும் காயவில்லை. மழையே இல்லை. ஆனாலும் மணல் மேட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஈர வட்டங்கள். யாரோ செம்பு வைத்து ஊற்றின மாதிரி. வஸ்திரி மூலையில் உள்ள வட்டம்தான் எல்லாவற்றிலும் சின்னது. அங்கே மணல் இன்னும் இறுகவில்லை, நிறமும் வேறு.

செப்டம்பர் 28, ஞாயிறு

சொட்டுச் சத்தம் வீட்டுக்கே வந்துவிட்டது. குழாயெல்லாம் இறுக்கினேன். மண்பானையை மாற்றி வைத்தேன். அடுப்படியில் நின்றால் படுக்கையறையில் கேட்கிறது, படுக்கையறைக்குப் போனால் கோயில் பக்கம் கேட்கிறது.

மத்தியானம் வடக்குச் சுவர் ஓரமாக ஒரு சத்தம். பூனைக்குட்டி. தேடினேன், கிடைக்கவில்லை. பசித்த பூனைக்குட்டி அப்படித்தான் கத்தும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பொறுக்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் நேரே ரெஜினா அக்கா கடைக்குப் போனேன். கடை பூட்டித்தான் இருந்தது. பின்னால் அவர் வீடு. காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, நான் உங்களுக்கெல்லாம் என்ன கெடுதல் செஞ்சேன்? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறத் தோட்டத்துல எடம் கெடையாதுன்னு வெதர்பி ஐயரு சட்டம் போட்டாவளாம். போட்ட கையோட அவிய வீட்டுலயே ரெண்டு பிள்ள, மூச்சு விடாமப் பொறந்துச்சு. ஊருக்குப் போட்ட சட்டத்த வீட்டுக்குன்னு மாத்த முடியுமா? அப்போ கோயில் கட்டிட்டு இருந்தாவ. அந்த வெள்ளக்காரம்மா, வடக்கப் பக்கம் கூரைய இன்னொரு மொழம் நீட்டுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சாம். பிள்ளைங்கள அந்த ஓரத்துல வச்சிட்டாவ. கோயில் கூரையில பட்டு எறங்குற தண்ணி பிள்ள மேல விழுந்தாப் போதும், அதுதான் அதுக்கு ஞானஸ்நானம்னு."

நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அதுலேருந்து ஊருல அப்படிப் போற பிள்ளையெல்லாம் அங்கனதான். சட்டம்லாம் இப்போ கெடையாது, தோட்டத்துலயே வைக்கலாம். ஆனா மனசு கேக்க மாட்டேங்கு. எனக்கு ஒண்ணு கெடக்கு. எங்க மதினிக்கு ஒண்ணு. இதுக்கு முந்தி எந்த ஐயர்கிட்டயும் சொன்னதில்ல, சொன்னா அஞ்ஞானம்பாவ. மழ பெஞ்சா நாங்க போயி நிப்போம். அந்தத் தண்ணியத்தான் நீங்க தகரத்த வச்சு மறிச்சிட்டீய."

"தெரியாதுக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஒங்களுக்கா தெரியாது?" என்று எழுந்தே விட்டார். "மத்தவங்களுக்குத் தெரியாதுன்னா சரி. நீங்க எப்படித் தெரியாதுன்னு சொல்லுதீய?" என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, சட்டென்று நிறுத்தி, உள்ளே போய்க் காப்பி போட ஆரம்பித்துவிட்டார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கூரைக் கணக்கு தீர்ந்தது. இரண்டு முழத்துக்குக் காரணம் கிடைத்தது. வரலாற்றில் எழுத முடியாத காரணம். நாளைக்குத் துணி துவைக்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

துணி துவைக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மத்தியானம் ஊரே உண்ட மயக்கத்தில் கிடந்தது. ஜெயகர் சபையார் வீடுகளைச் சந்திக்கப் போகிறேன் என்று அங்கியோடு கிளம்பினார். அடுப்படியில் செம்பைக் காணவில்லை. சந்திப்புக்குப் போகிறவருக்குச் செம்பு எதற்கு?

எனக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. இல்லை. வஸ்திரி மூலையில் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்த அன்றைக்கே என் உடம்புக்குத் தெரியும். கால் அதை மிதிக்காமல் சுற்றிப் போனதே.

போனேன். வஸ்திரி மூலையில் மண்டியிட்டிருந்தார். வெள்ளை அங்கியின் விளிம்பெல்லாம் செம்மண். செம்பைச் சாய்த்து ஓட்டுத் தண்ணீர் விழுவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். என் தகர வாய்க்காலின் நிழல் அவர் முதுகில் கோடாக விழுந்திருந்தது.

நான் கூப்பிடவில்லை. அவரும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். களைந்து களைந்து, அரிசி பாதி தண்ணீரோடு போய்விட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் கேட்டேன். மே மாதமே கேட்டிருக்க வேண்டியதை.

"எங்க வச்சீங்க?"

தோசையைக் கீழே வைத்தார். "நேத்து நீ பாத்தியே. பின்னால வந்து நின்னது தெரியும்."

"வாயால சொல்லுங்க."

"வஸ்திரி மூலையில. இறவாரத்துக்குக் கீழ."

"நீங்க வேதசாஸ்திரம் படிச்சவங்க. செத்துப் பொறந்த பிள்ள தண்ணியில்லாமலே ஆண்டவர்கிட்ட போவும்னு எத்தன வீட்டுல போயி ஆறுதல் சொல்லியிருக்கீங்க?"

"சொல்லியிருக்கேன். அது உண்மையும்தான்." தட்டை ஓரமாகத் தள்ளினார். "ஆனா கையில தூக்கிட்டு வரும்போது படிச்ச ஒண்ணும் கூட வரல, ஹெப்சி. கல்லறத் தோட்டத்துக்குத்தான் கொண்டு வந்தேன். வாசல்ல ரெஜினாம்மா நின்னாவ. ஐயா, எங்க பிள்ளைங்களோட வைங்கன்னாவ. அங்க மத்த பிள்ளைங்க இருக்கே, தனியாக் கெடக்காதேன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"நான் அந்த வாய்க்காலுக்கு அளவெடுத்தப்போ ஏன் சொல்லல?"

"நீ கேக்க மாட்டேன்னு இருந்த. சொவரப் பத்திப் பேசும்போதுதான் ஒழுங்காச் சாப்பிட்ட. அத எப்படி நான் பிடுங்குவேன்?"

அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவும் செய்தேன், தோளில், இரண்டு கையாலும். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் அழுதோம். மே மாதம் அழாததெல்லாம் சேர்த்து அழுதோம். தோசை காய்ந்துபோனது.

எங்கள் பிள்ளை மேல் விழ இருந்த தண்ணீரை நானே அளந்து, நானே நேர்கோடு பார்த்து, நானே மறித்திருக்கிறேன். சோதித்துப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். இதை எழுதாமல் விட்டால் வேறு எதை எழுதியும் பிரயோஜனமில்லை.

அக்டோபர் 18, சனி

காலையிலேயே கிழக்கே கறுத்துவிட்டது. காற்றில் மண்வாசனை. பாக்கியசிங் அண்ணனிடம் சொல்லவில்லை. கேட்டால் கமிட்டி கூட்டுவார்கள், கமிட்டி கூடுவதற்குள் மழை நின்றுவிடும். ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டேன். "ஏணியப் பிடிங்க" என்றேன். ஜெயகர் செருப்புகூடப் போடாமல் வந்தார்.

கோபுரத்துப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். வஸ்திரி மூலையிலிருந்து தொடங்கத்தான் மனசு துடித்தது. வரிசையில் மற்றவர்கள் பிள்ளை முன்னால் இருக்கிறது, முறை என்று ஒன்று இருக்கிறது. நான் இறுக்கின போல்ட் ஒவ்வொன்றும் என்னையே திட்டிக்கொண்டு கழன்றது. பாதி முடிக்கும்போது மழை பிடித்துவிட்டது. தகரம் விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ரெஜினா அக்கா மேலே பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்த தகரங்களை இழுத்து ஓரம் போட ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்த பக்கமெல்லாம் அவரவர் இடத்தில் போய் நின்றார்கள்.

கடைசித் துண்டு வஸ்திரி மூலையில். விரல் மரத்துப் போல்ட் வழுக்கியது. "பைய, ஹெப்சி, பைய" என்று கீழேயிருந்து அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அது கழன்றதும் கூரைத் தண்ணீர் மொத்தமும் ஒரே திரையாக இறங்கியது.

நான் இறங்கி அந்தச் சின்ன மேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் தடவையாக. கையை மணலில் வைத்தேன். சுவர் ஈரத்தில் கறுத்துக்கொண்டு வந்தது. அது காயாது. பண்டிகைக்கு உப்புப் பூத்தே நிற்கும். அத்தியட்சர் கேட்டால் கட்டிடப் படிப்பு படித்த நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்கிறேன்.

ஜெயகரும் வந்து தண்ணீருக்குள் மண்டியிட்டார். ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. செத்த பிள்ளைக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, அவர் கொடுக்கவும் மாட்டார். எல்லாப் பிள்ளைக்கும் ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நின்று கேட்பாரே, அதை மட்டும் கேட்டார். 

"இந்தப் பிள்ளைக்குப் பேர் என்ன?"

வயிற்றில் துள்ளிய நாளிலிருந்து நான் அவளை ஒரு பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம்கூடச் சொன்னதில்லை. பிறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"யூனிஸ்" என்றேன்.

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படியாகச் சத்தமாகச் சொன்னேன்.